இன்னும் ஒரு நாள்: எழுத்தாளரை உங்கள் பகுதிக்கு வரவழைப்பது எப்படி?

விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் புதிய புத்தகத்தோடு சுற்றுப்பயணம் கிளம்புகிறார். பட்டியலில் பெருநகரங்கள் எல்லாம் இருக்கின்றன, உங்கள் பகுதி மட்டும் இல்லை. "எங்கள் பக்கமும் ஒருமுறை வாருங்களேன்!" என்று உடனே ஒரு வரி எழுதக் கை பரபரக்கும். அதை அனுப்பாதீர்கள். அன்பான வரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுத்தாளரால் ஒன்றும் செய்ய முடியாது. "அவசியம் பார்ப்போம்" என்று பதில் வரும். அதோடு சரி.

வாசகர் வட்டம் ஒன்றை நடத்துகிறவள் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: வரச் சொல்லாதீர்கள், இன்னும் ஒரு நாள் தங்கச் சொல்லுங்கள். எழுத்தாளர் ஏற்கெனவே எங்கோ அருகில் வருகிறார். அந்தப் பயணத்தின் பெரும்செலவை வேறு யாரோ ஏற்றுக்கொண்டாகிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது ஒரு பகலும் ஒரு மாலையும் மட்டுமே. முழுப் பயணத்தையும் நீங்களே உண்டாக்க நினைத்தால் விமானக் கட்டணத்திலேயே உங்கள் கையிருப்பு கரைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, பட்டியலை ஒரு வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது. எந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே நீங்கள் இருக்கிறீர்கள்? அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் வெற்று நாள் உண்டா? வெற்று நாள் என்று தெரிவதெல்லாம் காலியான நாள் அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். அது ஓய்வுக்காகவே விடப்பட்டிருக்கலாம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்காவில் 76 வாசிப்பு நிகழ்ச்சிகள் நடத்தினார். உடல்நலம் குன்றியதால் சிகாகோ வரை போகும் திட்டத்தைக் கைவிட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும்தான். ஆனால் பட்டியலில் ஓர் ஊர் விடுபடுவது அந்த ஊரின் மேல் உள்ள அலட்சியத்தால் அல்ல, பெரும்பாலும் உடம்பாலும் நாள்கணக்காலும்தான்.

பட்டியல் வெளிவந்த பிறகு எழுதுவது பல சமயம் தாமதமான காரியம். பெரிய பதிப்பகங்கள் புத்தகம் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பயணத்தைத் திட்டமிடத் தொடங்கிவிடும். வெளிவரப்போகும் நூல்களின் அறிவிப்பைப் பார்த்த அன்றே எழுதுவது நல்லது. அதைத் தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு உண்டு. கெட்டி அட்டையில் முதலில் வரும் நூல்கள் பல, ஏறத்தாழ ஓராண்டு கழித்து மலிவான மென்னட்டைப் பதிப்பாக வரும். அந்த இரண்டாவது வெளியீட்டின்போது ஆரவாரம் குறைவு, எழுத்தாளரின் நாட்கள் தளர்வாக இருக்கும், வாசகர்களும் அதற்குள் புத்தகத்தைப் படித்திருப்பார்கள். என்னைக் கேட்டால் சிறிய பகுதிகளுக்கு இதுவே சரியான காலம்.

யாருக்கு எழுதுவது? பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவுக்கு எழுதி, எழுத்தாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சிலருக்கு நிகழ்ச்சிகளைக் கவனிக்கவே தனி முகவர் இருப்பார். அப்படியென்றால் எழுத்தாளரின் இணையதளத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். நண்பரின் நண்பர் மூலமாக வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியம் வேண்டாம். அந்த வழியில் கிடைக்கும் சம்மதம் தர்மசங்கடத்தில் தரப்படுவது, கடைசி வாரத்தில் கைவிட்டுப் போகக்கூடியது.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பெறுபவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பிவைக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். நான் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். 14ஆம் தேதி மாலை நீங்கள் முதல் நகரத்திலும் 16ஆம் தேதி அடுத்த நகரத்திலும் பேசுவதாக அறிகிறோம். 15ஆம் தேதி மாலை எங்கள் பகுதிக்கு வர இயலுமா? இரண்டுக்கும் நடுவே, அதே ரயில் பாதையில், முதல் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். நூலக அரங்கில் 80 இருக்கைகள். மாலை 6 மணிக்குத் தொடங்கி, உரையாடலும் கேள்விகளுமாக ஒரு மணி நேரம், பிறகு கையெழுத்து. எங்கள் வட்டம் உங்கள் முந்தைய நாவலை வாசித்து விவாதித்திருக்கிறது. புத்தகங்களைப் பக்கத்துக் கடை விற்பனைக்கு வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. கூடுதல் ரயில் பயணம், ஓர் இரவுத் தங்கல், சன்மானம் ஆகியவை எங்கள் பொறுப்பு. தொகையைக் கீழே குறித்திருக்கிறோம். 16ஆம் தேதி காலை உங்களை ரயில் ஏற்றிவிடுவோம். இந்த மாத இறுதிக்குள் பதில் கிடைத்தால் அரங்கை உறுதி செய்துகொள்வோம்."

இதில் புகழ்ச்சி ஒரே வரிதான், அதுவும் தகவலாக வருகிறது. முந்தைய நாவலைப் படித்த கூட்டம் என்று தெரிந்தால் எழுத்தாளருக்கு வேறு பாராட்டு தேவைப்படாது. "உங்கள் எழுத்து எங்கள் வாழ்க்கையையே மாற்றியது" என்ற பத்தியைத் தனியாக, அவர் வந்து போன பிறகு எழுதிக்கொள்ளலாம். இருக்கைகளின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். 80 பேர் அரங்கில் 60 பேர் இருந்தால் அது நிறைந்த கூட்டம். அதே 60 பேரை 500 பேர் மண்டபத்தில் உட்கார வைத்தால் எழுத்தாளர் மேடையிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்று, தனியாகக் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்து நூலகம், ஒரு கல்லூரி, புத்தகக் கடை ஆகியவற்றை முன்கூட்டியே கூட்டுச் சேர்த்துக்கொண்டு, காலையில் மாணவர்களுடன் ஒரு சந்திப்பு, மாலையில் பொதுக்கூட்டம் என்று அமைத்தால் செலவும் பிரியும், பதிப்பகத்துக்கும் கணக்குச் சரியாக வரும். ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் போக வேண்டாம். நாள் முழுக்க அங்குமிங்கும் இழுத்தடித்துவிட்டு மாலையில் அவர் உற்சாகமாகப் பேசவில்லையே என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். சன்மானம் தர முடியாது என்றால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். புதிய புத்தகத்துக்கான பயணம் என்பதால் பலர் சன்மானமின்றியும் வருவார்கள். ஆனால் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் அவர் தலையில் கட்டக் கூடாது. முன்பணம் போட்டு டிக்கெட் வாங்கி, பிறகு ரசீது காட்டிப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு எழுத்தாளர்களுக்குக் கசப்பானது. நீங்களே பதிவு செய்து டிக்கெட்டை அனுப்பிவிடுங்கள். வேறு நாட்டிலிருந்து வருபவர் என்றால், சன்மானம் வாங்கிக்கொண்டு பேசுவதற்குச் சுற்றுலா விசா போதாமல் போகலாம். அழைப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்து, தூதரகத்தில் முன்பே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முடியாது என்று பதில் வந்தால் கெஞ்சாதீர்கள். மாற்று ஒன்றைக் கேளுங்கள். காணொளி உரையாடல் எளிது. கையெழுத்திட்ட சிறு ஒட்டுச்சீட்டுகளை எழுத்தாளர் தபாலில் அனுப்ப, அவற்றை வாசகர்கள் தங்கள் பிரதிகளில் ஒட்டிக்கொள்வது பழகிய வழக்கம். பயணக் களைப்பால் சலித்துப்போன கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், எங்கோ ஒரு பலகையில் கையெழுத்திட்டால் வேறோர் ஊரில் இயந்திரக் கை அதைப் புத்தகத்தில் எழுதிவிடும் ஒரு கருவியையே உருவாக்கி 2006இல் அறிமுகப்படுத்தினார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை, தபால் போதும்.

சம்மதம் வந்துவிட்டால், அடுத்த கவலை புத்தகங்கள். சுவரொட்டியை யார் வேண்டுமானாலும் அடித்துவிடுவார்கள், புத்தகம் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் பாடு. கடைக்காரரிடம் நூலின் பெயரோடு, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையும் எழுதிக் கொடுங்கள். 2007 முதல் அது 13 இலக்கம். கெட்டி அட்டைக்கும் மென்னட்டைக்கும் வெவ்வேறு எண் என்பதால் பெயரை மட்டும் சொன்னால் வேறு பதிப்பு வந்து இறங்கும். விற்காத பிரதிகளைப் பதிப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளாது என்றால் கடைக்காரர் பயந்து பத்துப் பிரதிகளோடு நிறுத்திவிடுவார், கையெழுத்து வரிசையில் பாதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்தைய நூல்களும் சில இருக்கட்டும். புதியதைப் படித்து முடித்தவர்கள் அவற்றைத்தான் தேடுவார்கள்.

உரையாடலை நடத்துபவரை இரண்டாம் நிலை விஷயமாக நினைக்காதீர்கள். பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அவர் புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருவார், அறிமுகம் என்ற பெயரில் இருபது நிமிடம் தன் பள்ளிப் பருவத்தைப் பேசுவார். புத்தகத்தை இரண்டு முறை படித்த, அதிகம் அறியப்படாத ஒருவர் மேல். கதையின் முடிவை வெளிப்படுத்தக் கூடாது என்றும், பார்வையாளர்களுக்குக் கடைசி இருபது நிமிடமாவது விட வேண்டும் என்றும் அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கேள்வி நேரம் தொடங்கியதும் வழக்கமாக ஒரு மௌனம் விழும். முதல் கேள்வியைக் கேட்க உங்கள் வட்டத்தில் ஒருவரைத் தயாராக வைத்திருந்தால் அது உடையும். "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று எழுந்து நிற்பவரிடமிருந்து ஒலிவாங்கியை மீட்கவும் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எப்போதும் மென்மையான குரல் கொண்ட ஒருவரிடம்தான் கொடுப்பேன், சண்டை வராது.

அரங்கை முந்தைய வாரம் அதே கிழமை, அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் அமைதியாகக் கிடந்த ஒரு மண்டபத்தை நாங்கள் பதிவு செய்தோம். பக்கத்து அறையில் மாலைதோறும் நடன வகுப்பு நடக்கும் என்பதை நிர்வாகம் சொல்லவில்லை. ஒரு மென்மையான அத்தியாயத்தை எழுத்தாளர் வாசிக்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து "ஒன்று, இரண்டு, திரும்பு!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே வாசித்தார்.

கையெழுத்து மேசையில் கவனிக்கச் சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு ஒட்டுத்தாள் கொடுத்து, யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதை எழுத வைத்து, தலைப்புப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதும் மனிதர்கள் இருக்கிறார்கள், தவறாக எழுதிய பிரதியைத் திரும்ப வாங்க முடியாது. வழவழப்பான தாளில் ஜெல் பேனா தீற்றிக்கொள்ளும், தடித்த மார்க்கர் மறுபக்கம் ஊறும். அதே தாளில் முன்பே எழுதிப் பார்த்து இரண்டு பேனாக்களை மேசையில் வையுங்கள். மேசையருகே ஒருவர் நின்று புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து நீட்டினால் வரிசை இரட்டிப்பு வேகத்தில் நகரும்.

கூட்டம் முடிந்ததும் அவரை வலுக்கட்டாயமாக விருந்துக்கு உட்கார வைக்காதீர்கள். விருப்பமா என்று கேளுங்கள். அறைக்குப் போகிறேன் என்றால் அறைதான்.

அடுத்த நாளே பதிப்பகத்துக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்புங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பிரதிகள் விற்றன, இரண்டு நல்ல புகைப்படங்கள். எண்ணிக்கை சுமாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது புரட்டிப் பார்ப்பது இத்தகைய குறிப்புகளைத்தான். சன்மானத்தையும் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள், கடைக்காரருடன் கணக்கையும் அந்த வாரமே முடித்துவிடுங்கள்.