குடலுக்கும் மூட்டுக்கும் சப்ளிமென்ட்: அளவு, நேரம், எச்சரிக்கை

மலச்சிக்கலுக்கு ஒன்று, மூட்டு வலிக்கு இரண்டு என ஒரே நாளில் மூன்று டப்பாவைத் திறக்காதீர்கள். வயிறு உப்பினால் எதனால் உப்பியது, வலி குறைந்தால் எது கேட்டது என்று பிறகு தெரியவே தெரியாது. ஒவ்வொன்றாகத் தொடங்கி, தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூட்டு சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வருவது: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்னும் நார்ச்சத்து உமிதான் எங்கள் முதல் தேர்வு. தினம் ஒரு வேளை 3 கிராமில் தொடங்குங்கள். முழு உமி லேசானது, பொடி கனமானது. ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், கிராமைப் பாருங்கள். 240 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். சில நிமிடம் விட்டால் கூழாக இறுகிவிடும். மேலே இன்னும் அரை டம்ளர் தண்ணீர் குடியுங்கள். 12 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் பலன் தெரியும். ஒரு வாரம் வயிறு ஏற்றுக்கொண்டால் இரண்டு வேளையாக்கலாம். எடுத்த எடுப்பிலேயே அளவைக் கூட்டினால் வாயு பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு உள்ளவர்களும் தொடவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

எரிச்சல் குடல் நோயில் (ஐபிஎஸ்) வயிற்றைப் பிசைந்து வலித்தால் பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்சூல்: 0.2 மி.லி., தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. குடலில் போய்க் கரையும் மேலுறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடித்தாலோ, அமில முறிவு மருந்தோடு சேர்த்தாலோ உறை வயிற்றிலேயே கரைந்து நெஞ்செரிச்சல் வரும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மஞ்சள் என்றால் கணக்கைப் பாருங்கள். மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் தூளில் 90 மி.கி. தேறும். முழங்கால் வலிக்கான ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது 500 மி.கி. குர்குமின் சாறு, தினம் இரண்டு மூன்று வேளை. கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடலில் சேரும். மிளகிலுள்ள பைப்பரின் உறிஞ்சுதலைக் கூட்டும். கூடவே வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது வேண்டாம்.

மீன் எண்ணெய் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வலியையும் விறைப்பையும் ஓரளவு குறைக்கும். ஆய்வுகளில் கொடுத்தது இபிஏ, டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்புகள், இரண்டும் சேர்ந்து தினம் சுமார் 2.7 கிராம். முன்பக்கம் 1000 மி.கி. என்று போட்ட சாதாரண கேப்சூலில் இவை இரண்டும் சேர்ந்து 300 மி.கி.தான், அப்படியானால் ஒன்பது கேப்சூல்! பின்பக்க லேபிளைப் படித்து, மருத்துவரிடம் கேட்டு, செறிவு கூடியதை எடுங்கள். முடக்குவாத மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூட்டு சிதைவதைத் தடுப்பது அதுதான்.

மூட்டு வலிக்கு விற்கும் குருத்தெலும்புச் சப்ளிமென்ட்கள் தினம் குளுக்கோசமைன் 1500 மி.கி., காண்ட்ராய்ட்டின் 1200 மி.கி. இரண்டையும் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மொத்தத்தில் வெற்று மாத்திரையை விடப் பெரிதாக உதவவில்லை. முயன்றே தீர வேண்டுமென்றால் மூன்று மாதம் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து) எடுப்பவர்களும் இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

முழங்காலுக்கு இவை எல்லாவற்றையும் விடத் தொடைத் தசைக்குக் கொடுக்கும் பயிற்சியையே நம்புகிறோம். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. கூடுதல் எடை இருந்தால் அதையும் குறையுங்கள்: உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.