கார்புரேட்டரைத் தொடும் முன் டேப்பெட்டைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 998 சிசி இன்ஜின் போட்ட பழைய மினி கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி 12-க்கு இறங்கியது. முதல் வேலையாகக் கார்புரேட்டரைக் கழற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது, மைலேஜ் அசையவில்லை. இன்ஜின் மட்டும் முன்பைவிடச் சத்தமில்லாமல் ஓடியது, அதில் எனக்குப் பெருமை வேறு. கோளாறே அந்த அமைதிதான் என்று அப்போது தெரியாது.

இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 8 வால்வுகள்: ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், மற்றது, அதாவது எக்ஸாஸ்ட் வால்வு, புகையை வெளியே விடும். நடுவில் இருக்கும் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கம்பக்கமாக உட்கார்ந்து ஒரே வழியில் புகையைத் தள்ளுகின்றன. சூடு அங்கேதான் அதிகம். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது தான் மூடும் வளையத்தில், அழுந்தி உட்காரும்போதுதான் இறக்கும். வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் விடும் மெல்லிய சந்துதான் டேப்பெட் இடைவெளி. அது இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. விளிம்பு கருகும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) கசியும், அதை ஈடுகட்ட நாம் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்போம். பெட்ரோல் இப்படித்தான் போகிறது. இடைவெளி கூடினாலும் நஷ்டம்தான்: வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். ஆனால் அது டக் டக் என்று தட்டி நம்மைக் கூப்பிட்டுவிடும். குறைந்த இடைவெளி வாயே திறக்காது.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய ஹெட்டுகளில் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) இடைவெளி குறைவது சகஜம். ஈயமில்லாத பெட்ரோலில் எக்ஸாஸ்ட் சீட் மெல்லத் தேயும், வால்வு உள்ளே இறங்கும், இடைவெளி தானாகவே சுருங்கும்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு இடைவெளிக் கணக்கு, ஆறிய நிலையில் 0.30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு என்ன என்பதை அதன் மேனுவலில் பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள், டேப்பெட் கவரை எடுங்கள், டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் வால்வுகள் ஒவ்வொன்றாக இறங்குவது தெரியும்.

வால்வுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, ஒன்பது கணக்கை நினைவில் வையுங்கள். 8-வது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-வது வால்வின் இடைவெளியைப் பாருங்கள். 7 அமுங்கினால் 2, 6 அமுங்கினால் 3. கூட்டினால் எப்போதும் 9. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். வழுக்கி ஓடவும் கூடாது, சிக்கவும் கூடாது. ராக்கரில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி நிறுத்தி, லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். நான் பாதி வால்வுகளை இரண்டு முறை செய்தேன்.

ராக்கர் முனையை விரலால் தடவுங்கள். அங்கே குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழியின் மேலேயே படுத்துவிடும், கேஜ் 0.30 என்று சொல்லும், உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும். அப்படிப்பட்ட ராக்கரை மாற்றுவதுதான் சரி.

என் வண்டியில் 5-வது வால்வில், அதாவது 3-வது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில், மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சரிசெய்த பிறகும் 3-வது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகவே இருந்தது. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். ஆயில் விட்டதும் அளவு ஏறினால் குற்றவாளி பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எனக்கு ஏறவில்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தால், வால்வு விளிம்பில் நகம் கடித்தது போல ஒரு துண்டே காணோம்.

புது வால்வு போட்டு, சீட்டோடு தேய்த்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழும் வரை லேப்பிங் செய்தேன். மைலேஜ் 15-க்குத் திரும்பியது. இன்ஜின் இப்போது லேசாகத் தட்டுகிறது, இருக்கட்டும். அப்புறம், டேப்பெட் கவரின் கார்க் கேஸ்கெட் பழசாக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் மறுநாள் இன்ஜின் முழுக்க ஆயிலைத் துடைத்தேன்.