பள்ளிக்கூடத்திலை நாடகம் போடப் போற மாணவர் ஒன்றியத்துக்கு

வாணி விழாவோ ஒளிவிழாவோ பரிசளிப்போ, எதுக்கெண்டாலும் உயர்தர மாணவர் ஒன்றியக் கூட்டத்திலை ஆரோ ஒராள் "நாடகம் ஒண்டு போடுவம்" எண்டுவார், எல்லாரும் கை தூக்குவினம், பிறகு ரெண்டு கிழமை ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்க மாட்டினம். அதாலை அந்தக் கூட்டத்திலையே ரெண்டு பேரைத் தெரிவு செய்து கூட்ட அறிக்கையிலை பேரை எழுதிப்போடுங்கோ. ஒராள் நெறியாளர். மற்றவர் காசு, அனுமதி, நேரம் மூண்டையும் பாக்கிறவர். இந்த ரெண்டும் ஒராளிட்டை போகக்கூடாது, ஏனெண்டா நடிப்புப் பழக்கிக்கொண்டு நிக்கிற ஆள் சவுண்ட்ஸ்காரரோடை போன் கதைக்கப் போனா ரெண்டும் கெடும். ஒன்றியத் தலைவர்தான் கதாநாயகன் எண்ட பழக்கத்தையும் விடுங்கோ. வாக்குப் போட்டது தலைமைக்கு, வேசத்துக்கு இல்லை.

மாணவர் பாராளுமன்றம் நடக்கிற பள்ளிக்கூடமெண்டா இன்னும் நல்லது. சின்ன வகுப்புப் பிள்ளையளும் அதிலை இருக்கினம்தானே, கலை கலாசாரத்துக்குப் பொறுப்பான பிள்ளையைக் கூப்பிட்டு ஆரம்பத்திலேயே சேருங்கோ, கீழ் வகுப்பிலை ஆர் நல்லாப் பாடுவினம் ஆர் குரல் உள்ளவை எண்டு உங்களைவிட அவைக்குத்தான் தெரியும்.

இனி நேரம். யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட நாடகத்துக்கு எதிரி திறமைக்குறைவு இல்லை, ரியூசன். ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும், ரெண்டரைக்கு ஒருத்தருக்கு பிசிக்ஸ், மூண்டுக்கு மற்றவருக்கு கெமிஸ்றி, இதுக்குள்ளை எல்லாரும் ஒண்டா நிக்கிற ஒத்திகை எண்டது பெரிய காரியம். அதாலை நடிக்கிற ஒவ்வொருத்தற்ர ரியூசன் நேரத்தையும் ஒரு தாளிலை கட்டம் போட்டு எழுதி, ஆர் ஆர் எந்தக் காட்சியிலை வருகினமெண்டு பாத்து, காட்சி காட்சியாப் பழகுங்கோ. முழு ஆக்களும் கிழமைக்கு ஒருக்கா வந்தால் காணும். தீவுப்பக்கத்தாலை வாற பிள்ளையள் இருந்தா கடைசி பஸ் எத்தினை மணிக்கெண்டு கேட்டு அவையின்ர காட்சியை முதல் எடுங்கோ, இல்லாட்டி ரெண்டாம் நாள் வீட்டிலை விடமாட்டினம், அதிலை பிழையும் இல்லை.

முதலாம் தவணையிலை வைக்காதேங்கோ. இல்ல விளையாட்டுப் போட்டி, பிறகு பிக் மட்ச் எண்ட பள்ளிக்கூடங்களின்ர பெரிய கிரிக்கெட் ஆட்டம், பெடியள் ஒருத்தரும் கைக்கு வராயினம். ஐப்பசி கார்த்திகை மழைக்காலமும் யோசிக்கோணும், தகரமோ சீற்றோ போட்ட மண்டபமெண்டா மழை அடிக்கேக்கை ஒரு வசனமும் கேளாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எண்டா கதை வேற, சுற்றறிக்கையை வாங்கி ஆள்தொகை, நேரம் எல்லாம் பாத்திட்டுத்தான் எழுதவே தொடங்கோணும்.

எழுத்துக்கு வருவம், எனக்கு ஆகப் பெரிய ஆசை இதிலைதான். தயவுசெய்து சினிமா வசனத்தைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. வீட்டிலை "என்ன சாப்பிட்டனியே" எண்டு கேக்கிற அம்மா மேடையிலை ஏறினவுடனை சென்னைத் தமிழ் கதைச்சா சபை சிரிக்கும், அழவேண்டிய இடத்திலையும் சிரிக்கும். ஊரிலை நடக்கிற ஒண்டை எடுங்கோ: வெளிநாட்டுக்குப் போன அண்ணா, பூட்டிக்கிடக்கிற வீடு, கிணத்துத் தண்ணி, ரியூசன் காசு. இருவத்தைஞ்சு நிமிசத்துக்கு மேலை வேண்டாம். எழுதினதை நாலு பேர் வட்டமா இருந்து சத்தமா வாசிச்சுப் பாருங்கோ, நாக்குத் தடக்கிற வசனமெல்லாம் அப்பவே வெட்டுங்கோ. நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ரீச்சர் இருந்தா அவவிட்டை இந்தக் கட்டத்திலையே காட்டுங்கோ, ஒத்திகை முடிஞ்சாப் பிறகு காட்டினா ஒண்டும் மாத்தேலாது.

எடுத்துரைஞர் நாலைஞ்சு பேரை வைச்சா காட்சி மாத்தத் திரை தேவையில்லை, கதையையும் சொல்லுவினம், மரமாயும் நிப்பினம், வேலியாயும் நிப்பினம், கூச்சப்படுற பிள்ளைக்கும் கூட்டத்தோடை நிண்டு பழக இடம் கிடைக்கும். காத்தவராயன் கூத்து ஆடுற ஊரிலையிருந்து வாற பிள்ளை ஒண்டு கட்டாயம் இருக்கும், அந்தக் கூத்தின்ர சிந்து நடையை அவரிட்டைக் கேட்டுப் பழகுங்கோ. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஒருத்தரை ஒரு பின்னேரம் கூப்பிட ஏலுமெண்டா அதிபரிட்டை கடிதம் குடுத்துக் கூப்பிடுங்கோ. மைக்கிலை தொங்காமல் கடைசி வாங்குக்குக் கேக்கிற குரல் எப்பிடி எடுக்கிறதெண்டு அவர் காட்டுவார்.

காசுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கு, லண்டன் கிளை கனடாக் கிளை எல்லாம் இருக்கு, ஆனா வட்சப்பிலை வொய்ஸ் அனுப்பிக் கேக்கிறது சரியில்லை. ஒரு பக்கத்திலை உடுப்பு, ஒப்பனை, சவுண்ட்ஸ், சாப்பாடு எண்டு பிரிச்சு எழுதி, பொறுப்பாசிரியரும் அதிபரும் கையெழுத்து வைச்சாப் பிறகு பழைய மாணவர் சங்கச் செயலாளருக்குக் குடுங்கோ. பிள்ளையளிட்டை ஆளுக்கு இவ்வளவு எண்டு சேர்க்க வேண்டாம், குடுக்க ஏலாத பிள்ளை காரணம் சொல்லாமலே நாடகத்தை விட்டு விலகிப் போயிடும். வேட்டி, சீலை, கடகம், சுளகு எல்லாம் வீடுகளிலை இருக்கு, இரவல் வாங்குங்கோ, ஆற்ர வீட்டுச் சாமான் எண்டு துண்டு ஒட்டுங்கோ.

அண்டைக்கு கரண்ட் போனா என்ன செய்யிறதெண்டு முதலே முடிவெடுங்கோ. ஜெனரேற்றர் இல்லாட்டி ரெண்டு பெற்றோல்மக்ஸ் விளக்கு. பதிவுசெய்த மியூசிக்கை மட்டும் நம்பாமல் ஆர்மோனியமும் மத்தளமும் மேடைக்குப் பக்கத்திலை இருக்கட்டும்.

முடிஞ்ச அடுத்த கிழமை இரவல் சாமான் எல்லாம் போய்ச் சேந்திட்டுதோ எண்டு பாருங்கோ, பிறகு ஒன்றியக் கூட்டத்திலை பில்லுகளோடை கணக்கை வாசியுங்கோ. மிஞ்சின காசை இராப்போசனத்துக்கு மாத்தாமல் அடுத்த நாடகத்துக்கெண்டு பொருளாளர் தனியா எழுதி வைக்கட்டும். எழுத்துப் பிரதி, ரியூசன் நேரம் போட்ட அந்தத் தாள், சவுண்ட்ஸ்காரற்ர நம்பர், இந்த மூண்டையும் ஒரு பைலிலை போட்டு அடுத்த வருச ஒன்றியத்திட்டைக் குடுங்கோ.