ஐ.எஃப்.எஃப்.கே.வுக்கு முதல்முறை: பாஸ் வாங்குவது முதல் வரிசையில் நிற்பது வரை

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். ரயிலில் சுமார் 70 கி.மீ. அங்கே நடக்கும், 1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை, அதாவது ஐ.எஃப்.எஃப்.கே.வை, எங்கள் ஊர் விழாவாகவே நினைக்கிறேன். ஆனால் முதல்முறை போனபோது ஒரு நாள் முழுக்க அலைந்தும் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடிந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வீணாகக் கூடாது.

முதலில் பாஸ்

இங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனி டிக்கெட் கிடையாது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களைத் தனியாக விலக்கு வாங்கி, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். அதனால்தான் டெலிகேட் பாஸ், அதனால்தான் 18 வயது நிபந்தனையும். விழா டிசம்பரில்; இணையப் பதிவு பெரும்பாலும் நவம்பரில் தொடங்கிவிடும். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. வழுதக்காட்டில் உள்ள தாகூர் தியேட்டரில் பாஸையும் நிகழ்ச்சிக் கையேட்டையும் வாங்கிக்கொள்ளலாம். முடிந்தால் முந்தின நாளே போய் வாங்கிவிடுங்கள்.

விழாச் சின்னத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது தோல்பாவைக்கூத்தில் வரும் இலங்காலட்சுமி, இலங்கையைக் காக்கும் தேவதை. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாடல்களைப் பாடித்தான் அந்தக் கூத்தை நடத்துகிறார்கள். முதன்முதலில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

முன்பதிவு: நான் தடுமாறிய இடம்

கழுத்தில் பாஸ் இருந்தால் போதும், எந்தப் படத்துக்கும் நேராகப் போய் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாளைக்குப் பார்க்கப்போகும் படத்துக்கு இன்றைக்கே இருக்கை பதிவு செய்ய வேண்டும். நான் படம் பார்க்க வேண்டிய நாள் காலையில் போனைத் திறந்தேன். வேண்டிய படங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

இப்போது செய்வது இதுதான். பதிவு செய்யும் நாளுக்கு முந்தின இரவே கையேட்டை விரித்து, மறுநாளுக்கு அடுத்த நாள் எந்தெந்தப் படம், எந்த அரங்கு, எத்தனை மணி என்று நோட்டில் எழுதிவிடுவேன். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மாற்றுப் படமும் பக்கத்தில் இருக்கும். நான் போன வருடங்களில் காலை 8 மணிக்குப் பதிவு திறந்தது. அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்பே உள்நுழைந்து தயாராக இருங்கள். காலைக் காட்சியிலிருந்து வரிசையாகப் பதியாமல், உங்களுக்கு மிக வேண்டிய படத்தை முதலில் பதியுங்கள். திட்டம் போட எந்தச் செயலியையும்விட எனக்குக் காகித நோட்டுதான் பிடிக்கும். இருட்டு அரங்கிலிருந்து ஓடி வரும்போது ஒரே பார்வையில் அடுத்த இடம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பெரும்பாலான படங்களை இரண்டு மூன்று முறை காட்டுவார்கள். எதற்கு அன்றோடு கடைசிக் காட்சியோ அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

திரும்பிப் போய்விடாதீர்கள். முன்பதிவு இல்லாதவர்களுக்குத் தனி வரிசை உண்டு. பதிவு செய்துவிட்டு வராதவர்களின் இடங்களும் இந்த வரிசைக்கு வரும். பேசப்படும் படம் என்றால் ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடுங்கள். எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த வரிசையில்தான். பக்கத்தில் நிற்பவரிடம் “நேற்று என்ன பார்த்தீங்க?” என்று கேளுங்கள். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசினாலே போதும், பேச்சு நிற்காது.

அரங்குகளை இரண்டு கூட்டமாகப் பாருங்கள்

ரயில் நிலையம் இருக்கும் தம்பானூர்ப் பகுதியில் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகம். நியூ தியேட்டரும் நடக்கிற தூரம். வழுதக்காட்டுப் பக்கம் தாகூரும் கலாபவனும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆட்டோ போதும். மாறி மாறி ஓடினால் ஏதாவது ஒரு படத்தின் முதல் கால் மணி நேரம் போய்விடும். கனகக்குன்னில் உள்ள நிசாகந்தி திறந்தவெளி அரங்கு. ஒரு இரவாவது அங்கே படம் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்கலாம்தான். முதல்முறை போகிறவர்கள் மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது படத்தில் சப்டைட்டில் படிக்கிற கண் சோர்ந்துவிடும். எந்தப் படத்தில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் போட்டிப் பிரிவு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்கள் விழாவின் முதன்மை விருதான சுவர்ண சகோரத்துக்குப் போட்டியிடும். பார்வையாளர் விருதுக்கு நீங்களும் ஓட்டுப் போடலாம்.

சாப்பாட்டுக்குத் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய, சுற்றிச் சுற்றி மேலேறும் கட்டடம். இரண்டு படத்துக்கு நடுவே வேகமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

பின்சேர்ப்பு: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், முன்னால் இருந்தவரின் தலை மறைத்துச் சப்டைட்டில் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். சரிவு குறைந்த அரங்குகளில் இது நடக்கும். நடுவரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். கேள்வி பதில் தொடங்கும்போது அடுத்த படத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் எழுந்துவிடலாம்.

இன்னும் ஒன்று கேட்டிருந்தார்கள்: நாகர்கோவிலிலிருந்து தினமும் போய் வரலாமா? போய் வரலாம். மாலை 6 மணிக் காட்சியோடு முடித்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சியும் வேண்டும் என்றால் தம்பானூரில் முன்கூட்டியே அறை போட்டுவிடுங்கள், விழா வாரத்தில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.