பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர்களுக்கு

மாசி, பங்குனி வந்துவிட்டால் காரைக்குடியைச் சுற்றி எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. முத்துமாரியம்மன் கோவில் பால்குடம் ஒரு பக்கம் என்றால், கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஏதாவது ஓர் ஊரில் மெல்லிசைக் கச்சேரி ஓடிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேடைகளுக்கு எதிரே சவுண்டுக்காரனாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருஷம் எங்கள் செட்டில் புதிதாக இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். இரண்டு பேரும், சத்தத்தைக் குறைக்கக் காதில் வைக்கிற இயர்பிளக்கை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தார்கள். பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் அது போய்விட்டது. ஒருவன் காதில் பிளக் பாதி வெளியே, ஓட்டிலிருந்து நத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. இன்னொருவன், யார் கூப்பிட்டாலும் ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு “என்னண்ணே?” என்றான். இரண்டையும் நான் செய்தவன்தான். இரண்டாவதற்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கச்சேரிக்கு பிளக் போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும். போட்ட பிறகும் காது எப்படிப் போகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பஞ்சு வைப்பது

விளக்குத் திரிக்கு ஆகும். காதுக்கு ஆகாது.

ஃபோம் பிளக்கை அப்படியே அமுக்குவது

பஞ்சு மாதிரி அமுங்கி விரிகிற அந்த மஞ்சள் ஃபோமைக் கார்க் மாதிரி அமுக்கினால் உள்ளே போகாது. வாசலில் நிற்கும். போட்டவருக்கு அடைத்த மாதிரி இருக்கும், சத்தமோ சந்து வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

கையைத் துடைத்துவிட்டு, விரல்களுக்கு நடுவில் வைத்துத் திரி கனத்துக்கு உருட்டுங்கள். மடிப்பு விழக்கூடாது. வலது காதில் வைப்பதென்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுத் துவாரம் நேராகும். அப்போது உள்ளே தள்ளி, ஃபோம் விரிகிற வரை, இருபது முப்பது விநாடி, விரல் நுனியால் பிடித்திருங்கள். இந்த முப்பது விநாடி பொறுமைதான் யாரிடமும் இல்லை.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, உங்கள் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்க வேண்டும். இன்னொன்று, பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக அடைக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள்.

இத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறைக்கும் என்று பிளக் பாக்கெட்டில் போட்டிருக்கும் 33 என்கிற எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்காரர்களே அந்த எண்ணில் ஏழைக் கழித்துப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். 33 என்று போட்டிருந்தால் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வைக்கத் தெரிந்தவருக்குக் கூடுதலாகவே கிடைக்கும்.

“ஒரு நிமிஷந்தானே” என்று கழற்றுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அடுத்தவர் மேல் பாதி, என் மேல் பாதி.

முதலில் கணக்கு. நயோஷ் என்கிற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் வகுத்தது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி. 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். நம்ம ஊர் மேடைக்கு முன்னால், குத்துப்பாட்டு நேரத்தில், 100 என்பது அதிசயமான எண் இல்லை.

சத்தம் 100 டெசிபல், கச்சேரி மூன்று மணி நேரம், உங்கள் பிளக் உண்மையாகவே 20 டெசிபல் குறைக்கிறது என்று வையுங்கள். கழற்றாமல் இருந்தால் காதுக்குப் போவது 80. பயமில்லை. ஆனால் மச்சான் வந்தான், சித்தப்பா கூப்பிட்டார், பிடித்த பாட்டு வந்தது என்று பத்துத் தடவை கழற்றுகிறீர்கள், தடவைக்கு இரண்டே நிமிஷம். மொத்தம் இருபது நிமிஷம் ஆயிற்று. அன்றைய பதினைந்து நிமிஷக் கணக்கு அதிலேயே தாண்டிவிட்டது. மீதி இரண்டு மணி நாற்பது நிமிஷம் நீங்கள் பத்திரமாக பிளக்கோடு இருந்ததெல்லாம் அதைத் திருப்பித் தராது. மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் 20 டெசிபல் பிளக் வேலை செய்தது சுமார் 9 டெசிபலுக்குத்தான்.

இன்னொரு கூத்து, கழற்றிய ஃபோமைத் திரும்ப வைப்பது. யாரும் மறுபடி உருட்டுவதில்லை. விரிந்திருக்கிறதை அப்படியே அமுக்குவார்கள். முதல் தடவை முப்பது விநாடி பிடித்தவர்கூட இரண்டாம் தடவை நத்தைதான்.

என் கதை இன்னும் மோசம். ஆரம்பத்தில் நான் வலது காதில் மட்டும்தான் பிளக் வைப்பேன். இடது காது விழாக் கமிட்டிக்கு. “பாட்டுச் சத்தத்தக் கூட்டுப்பா”, “தலைவர் பேசணும், மைக் கொண்டா”, “எம் பேரச் சொல்லச் சொல்லு” என்று அந்தப் பக்கம்தான் வந்து நிற்பார்கள். இடது பிளக் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். மூன்று திருவிழாக் காலம் இப்படியே போயிற்று.

தேவகோட்டைப் பக்கம் ஓர் ஊரில் ஒரு ராத்திரி, மேடையில் பாடுகிறவர்களுக்குப் பாட்டைத் திருப்பிக் கேட்கவைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் ஏதோ கேட்கவில்லை என்று நானே மேலே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் மைக்கைக் கையில் பிடித்தபடி நேராக மானிட்டருக்கு எதிரே வந்து நின்றார். ஊளையிட்டது. எத்தனை மைக் ஊளை கேட்டிருப்பேன்! ஆனால் ஒரு முழத் தூரத்தில், திறந்த காதில், அதுதான் முதல் தடவை. மிக்ஸரில் இருந்த பையன் ஓடிவந்து குறைப்பதற்குள் மூன்று நாலு விநாடி ஆகியிருக்கும். மறுபடி நிமிர்ந்தபோது இடது பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி. உள்ளே சில்வண்டு.

மூன்று நாளில் அடைப்பு போனது. சில்வண்டு போகவில்லை. மதுரையில் காதுப் பரிசோதனை செய்தபோது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற ஆடியோகிராம் தாளைக் காட்டினார்கள். வலது காதுக் கோடு ஓரளவு நேராகப் போகிறது. இடது கோடு 4000 ஹெர்ட்ஸ் என்கிற மேல் சுருதிப் பக்கத்தில் ஊருணி மாதிரி குழிந்து, மறுபடி ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் முத்திரையே அந்தப் பள்ளம்தானாம். ஒரு ஊளையா, மூன்று வருஷப் பழக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்குத் தெரியும், இரண்டும்தான்.

அந்தப் பள்ளத்தில் விழுந்தவை என்னவென்றால் ச, ஸ, ஷ மாதிரிக் காற்றெழுத்துகள், டிரம்ஸில் இருக்கிற சிம்பல் தட்டின் கடைசிச் சிலிர்ப்பு. வீட்டில் “சட்டியத் தூக்குங்க” என்றால் எனக்குப் பெட்டி. அடுப்பில் குழம்பு பொங்குகிறது, நான் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சிரிக்கலாம். ஆனால் இன்று மேடையில் ட்ரெபிள், அதாவது மேல் சுருதி, சரியா என்று ஒரு பையனிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். சவுண்டுக்காரனுக்கு இது சமையல்காரனுக்கு உப்பு தெரியாமல் போன கதை.

பேசியே ஆக வேண்டுமென்றால்? பிளக்கோடே பேசலாம். எதிரே இருப்பவர் வாயைக் காதருகே கொண்டுவந்து சாதாரணமாகப் பேசினால் போதும், கத்த வேண்டியதில்லை. இரைச்சலில் திணறாத காதுக்குப் பேச்சு இன்னும் தெளிவாகவே விழும். ஒரே சிக்கல், பிளக் போட்டவருக்குத் தன் குரல் பெரிதாகக் கேட்பதால் தன்னையறியாமல் மெதுவாகப் பேசுவார். கொஞ்சம் குரலை உயர்த்திக்கொள்ளுங்கள். நீளமான பேச்சு என்றால் ஊருணிக் கரைக்கு நடந்து போய்விடுங்கள். காதுக்கும் ஓய்வு. எங்கள் செட்டில் கைச்சாடை வைத்திருக்கிறோம். கமிட்டிக்காரர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும். ஆரம்பத்தில் கோபித்தார்கள், இப்போது அவர்களே எழுதுகிறார்கள்.

அடிக்கடி கழற்றுவதற்கு உண்மையான காரணம் பேச்சுகூட இல்லை. ஃபோம் பிளக் மேல் சுருதியை அதிகமாகவும் அடிச் சத்தத்தைக் குறைவாகவும் வெட்டும். பாட்டு கம்பளிக்குள் சுருட்டியது மாதிரி மொத்தென்று கேட்கும். பாட்டுக் கேட்க வந்தவர் எத்தனை நேரம் பொறுப்பார்? இதற்கென்றே ஃபில்டர் வைத்த பிளக்குகள் இருக்கின்றன. மீட் கில்லியன் என்பவரின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1980களின் கடைசியிலேயே, எல்லாச் சுருதியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் 15 டெசிபல் குறைக்கிற பிளக்கைக் கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது. அது காதை அச்செடுத்துச் செய்வது. அச்சு எடுக்காமல் வைக்கிற சிலிகான் வகையும் இன்று ஆன்லைனில் கிடைக்கிறது. பாட்டு பாட்டாகவே, கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிற மாதிரி இருக்கும். கழற்றத் தோன்றாது. கச்சேரிக்கு அடிக்கடி போகிறவர் இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

திண்ணையில் உட்கார்ந்தால் போதும் என்று நினைப்பது

திறந்த பொட்டலில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். பொட்டலுக்குச் சரி. நம்ம செட்டிநாட்டுத் தெரு பொட்டல் இல்லையே! நூல் பிடித்த மாதிரி நேரான தெரு, இரண்டு பக்கமும் ஓங்கி நிற்கிற சுவர். தெருமுனையில் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கினால் சத்தம் குழாயில் போகிற மாதிரி அடுத்த முனை வரைக்கும் போகும். திண்ணையில் முதுகுக்குப் பின்னால் சுவர் வேறு. வருகிற சத்தத்தை அது திருப்பி உங்கள் காதுக்கே அனுப்பும். பாக்ஸை விட்டுத் தள்ளிப் போவது நல்லதுதான், ஆனால் தள்ளி உட்கார்ந்தேன் என்று பிளக்கைப் பையில் போடாதீர்கள்.

கரண்ட் இல்லாத சத்தம் ஒன்றும் செய்யாது என்பது

வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், கல்யாணம். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, சுற்றிலும் கல்தூணும் தேக்கும். சத்தத்தை உறிஞ்ச ஒரு பொருள் கிடையாது. அதற்குள் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். தவிலின் வலது முகமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல், இடது முகமான தொப்பியில் கழி. கெட்டிமேளம் என்று கை காட்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆயாவைப் பாருங்கள், தோள் ஒரு குலுக்கு குலுங்கும். மைக்கே இல்லாமல் அந்த இடத்தில் என் மீட்டர் 100ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். மேளக்காரர்கள் பலருக்குக் காது மந்தமாவது வயதால் மட்டும் இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் ஜால்ராவோ சுருதிப்பெட்டியோ வைத்துக்கொண்டு உட்காரும் சின்னப் பையனுக்கு பிளக் வாங்கிக் கொடுங்கள்.

கடைசி அரைமணியில் கழற்றுவது

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு, வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், பன்னிரண்டு வரைக்கும் அரசு தளர்த்தலாம். எப்படியானாலும் முடிக்கிற நேரம் தெரிந்த கச்சேரி. அதனால் ஆட்டம் போடுகிற பாட்டெல்லாம் கடைசியில்தான் வரும்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். இரண்டு மணி நேரம் ஆனதும் மிக்ஸரில் இருக்கிறவர் காதும் மந்தமாகிவிடும். மேல் சுருதி கேட்கவில்லை என்று ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுவார், பிறகு இன்னும் கொஞ்சம். நானும் ஏற்றியிருக்கிறேன். நீங்கள் “முடியப்போவுது” என்று பிளக்கைக் கழற்றுகிற நேரமும் அதுதான்.

“காலையில சரியாயிரும்”

கச்சேரி முடிந்து காதுக்குள் கேட்கிற இரைச்சல் காலையில் அடங்குவது நிஜம். அடங்கிவிட்டது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்பது நிஜமில்லை. உள்காதின் நத்தையெலும்பில் காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம், சத்தத்தை உணர்கிற மயிர்ச் செல்கள். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளைச் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, மயிர்ச் செல்களும் இருந்தன, ஆனால் செல்லையும் நரம்பையும் சேர்க்கிற இணைப்புகள் பல போயே போய்விட்டிருந்தன.

தோள்மேல் குழந்தை

பாக்ஸுக்கு நேர் எதிரே, அப்பா தோளில், கையில் பலூன். குழந்தையின் காது ஸ்பீக்கர் வாய்க்கு நேராக இருக்கும். சின்னக் காதில் பிளக் நிற்காது. தலையில் மாட்டுகிற இயர்மஃப் வாங்குங்கள், இல்லை கடைசி வரிசைக்குப் போங்கள்.

ஒரே ஜோடியோடு போவது

ஒன்று கீழே விழும். செம்மண்ணில் விழுந்ததை ஊதிவிட்டுக் காதில் வைக்காதீர்கள்.

ஃபோமைக் கழுவி வைத்துக்கொள்வது

கழுவினால் சுருட்டுகிற தன்மை போய்விடும். அழுக்கானால் தூக்கிப் போடுங்கள். சிலிகான் என்றால், கழற்ற முடிகிற ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து டப்பாவில் போடுங்கள். சட்டைப் பையில் வேண்டாம். அங்கே வைத்தால் அது அங்கேயேதான் இருக்கும்.