விசேட கல்வி அலகில இலக்கு எழுதுறதும் நாளைக் கொண்டுபோறதும்: புதுசா வாற ரீச்சர்மாருக்கு

விசேட கல்வி அலகுக்கு, அதாவது சாதாரண பள்ளிக்குள்ள விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கு இருக்கிற வகுப்புக்கு, நியமனம் கிடைச்சு கிளிநொச்சிப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ வாற ரீச்சர்மார் எடுத்த உடன கேக்கிறது, தனியாள் கல்வித் திட்டத்தை, அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிய இலக்கு எழுதுற படிவத்தை, எப்பிடி நிரப்பிறது, வலயக் கல்வி அலுவலகத்தில இருந்து வந்து பாப்பினமே எண்டுதான். படிவத்தை ஒரு பின்னேரத்தில நிரப்பிப் போடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனா அந்த இலக்கு நாளில எந்த நேரத்தில நடக்கப்போகுது எண்டு கேட்டால் கனபேரிட்ட பதில் இல்லை. நான் சொல்லுறது இதுதான்: ஒவ்வொரு இலக்குக்கும் நேரசூசியில ஒரு இடம் இருக்கவேணும், இடம் இல்லாத இலக்கை, அது எவ்வளவு வடிவா எழுதியிருந்தாலும், வெட்டிவிடுங்கோ.

முதல் இரண்டு கிழமை இலக்கு ஒண்டும் எழுதாதேங்கோ, சும்மா பாருங்கோ. பிள்ளை ஆற்ற உதவியும் இல்லாமல் என்ன செய்யுது, ஒண்டு வேணுமெண்டால் எப்பிடிக் கேக்குது, வேண்டாமெண்டால் எப்பிடிக் காட்டுது, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துது, எதை விட்டுட்டு வரமாட்டன் எண்டு நிக்குது. கதைக்காத பிள்ளை எண்டு உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பினம், ஆனா அது தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கட மடியில வைக்குதெண்டால் அது கதைக்குதுதான், வாயாலதான் இல்லை. பாத்ததை அண்டைக்கே ஒரு கொப்பியில ஒரு வரி எழுதி வையுங்கோ, தவணை முடிவில எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் எண்டு பாக்க உங்களிட்ட வேற ஒண்டும் இருக்காது.

வீட்டாக்களோட கதைக்கேக்க படிப்பைப் பற்றிக் கேக்காதேங்கோ, வீட்டில ஆகக் கஷ்டமான நேரம் எது எண்டு கேளுங்கோ. குளிக்க வாக்கிறதா, சாப்பாடா, நித்திரையா, ரோட்டுக்கு ஓடுறதா. இன்னுமொண்டு, எங்கட பக்கத்தில அம்மா விடியவே கூலி வேலைக்கோ தையல் பக்டறிக்கோ போயிடுவா, பிள்ளையைப் பாக்கிறது அம்மம்மாவா இருக்கும். கூட்டத்துக்கு வந்து ஓம் ஓம் எண்டு சொல்லிட்டுப் போறவை வேற, குளிக்க வாத்துச் சாப்பாடு தீத்திறவை வேற. இரண்டாவது ஆளைத் தேடிப் பிடிச்சுக் கதையுங்கோ, அம்மம்மா சொல்லுற ஒரு வசனத்தில மூண்டு இலக்கு இருக்கும்.

இலக்கு எழுதுறது

"எண்கள் பற்றி அறிவார்", "சமூகத் திறன் வளரும்" எண்டு எழுதினால் அது நடந்ததா இல்லையா எண்டு ஆருக்கும் தெரியாது, அதாலதான் அப்பிடி எழுத எல்லாருக்கும் விருப்பம். நீங்கள் எழுதேக்க நாலு விஷயம் வரவேணும்: எப்ப, என்ன உதவியோட, என்ன செய்வான், எத்தினை தரம். உதாரணத்துக்கு, "காலையில வகுப்புக்க வந்த உடன, கொழுக்கியில ஒட்டியிருக்கிற தன்ர படத்தை ரீச்சர் காட்டினால், வேற உதவி இல்லாமல் பையைக் கொழுவுவான், வந்த 5 நாளில 4 நாள்". அந்த "வந்த" எண்ட சொல்லைக் கட்டாயம் போடுங்கோ. கார்த்திகை, மார்கழி மழைக்கு குளம் வான் பாய்ஞ்சு பாதை தண்ணிக்க நிண்டால் பிள்ளையள் வராதுகள், அருவி வெட்டு நேரமும் அப்பிடித்தான், கிழமைக்கு 5 நாள் எண்டு கணக்குப் போட்டால் பிள்ளை பழகியிருந்தாலும் பேப்பரில தோல்வி எண்டுதான் வரும்.

ஒரு தவணைக்கு ஒரு பிள்ளைக்கு மூண்டு இலக்கு காணும். ஒண்டு தன்ர வேலையைத் தான் செய்யிறது, ஒண்டு தொடர்பாடல், ஒண்டு வாசிப்போ கணக்கோ. ஆரம்பப் பிரிவுக்கு அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் எண்டு இருக்குத்தானே, மூண்டாவதை அதில ஒண்டோட பொருத்தி எழுதிவிட்டால் பாக்க வாறவைக்கும் சந்தோஷம், பிறகு பிள்ளையைச் சாதாரண வகுப்புக்கு அனுப்பிறதுக்கும் உதவும்.

கணக்கு எண்டால் உடன 1, 2, 3 எழுதுறது எண்டு நினைக்கவேண்டாம். காசு பிடிக்கிறது நல்ல இலக்கு, எங்கட தாள் நிறத்தாலயே பிரிஞ்சு கிடக்கு, 50 நீலம், 100 செம்மஞ்சள், 1000 பச்சை, எழுத்துத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பாத்து எடுக்கும். ஆனா கறுப்பு வெள்ளையில போட்டோக்கொப்பி அடிச்ச காசு குடுத்துப் பழக்கினால் அந்த நிறமே போயிடும், உண்மைத் தாளையே குடுங்கோ, பிறகு எண்ணி வாங்குங்கோ. எண்ணிறதுக்கு பனங்கொட்டை நல்லது, பெருசு, வாய்க்குள்ள போகாது. மஞ்சாடி, புளியங்கொட்டை பாக்க வடிவுதான், ஆனா மூக்குக்க காதுக்க வைக்கிற பிள்ளையள் இருக்கிற வகுப்பில அதுகளை மேசைக்குக் கொண்டுவராதேங்கோ.

வாசிப்புக்கு, வன்னியில இருக்கிற பிள்ளைக்கு "அ, அம்மா"வுக்கு முதலே தெரியவேண்டிய ஒண்டு இருக்கு, சிவப்பில மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை. கனக்க இடம் துப்பரவாக்கியாச்சு, எண்டாலும் காணி துப்பரவாக்கேக்க, காட்டுக் கரையில இண்டைக்கும் வெடிபொருள் வருது. "பலகையைக் கண்டால் நிப்பான், திரும்பி வந்து பெரியாக்களின்ர கையைப் பிடிப்பான்" எண்டு எழுதுங்கோ. அதைப் படத்தை மேசையில வைச்சுப் பழக்காமல் பள்ளி வளவுக்க ஒரு பலகையை நட்டு நடந்துபோய்ப் பழக்குங்கோ, தெரியாத இரும்புச் சாமானைத் தொடாமல் வந்து சொல்லுறதையும் அதோடயே சேருங்கோ.

கதைக்காத பிள்ளைக்கு படத்தை எடுத்துக் கையில குடுக்கிற முறை இருக்கு, 1985இல அமெரிக்காவில அன்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ட் எண்ட இரண்டு பேர் உருவாக்கினது. விரலால காட்டுறது இல்லை, படத்தை ஒரு ஆளின்ர கையில வைக்கவேணும், அப்பதான் கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டது பிள்ளைக்குப் பிடிபடும். தொடக்கத்தில இரண்டு பெரியாக்கள் தேவை, முன்னால இருந்து படத்தை வாங்கிப் பொருளைக் குடுக்க ஒராள், பின்னால இருந்து கதையே இல்லாமல் பிள்ளையின்ர கையை நகர்த்த ஒராள். உதவியாளர் இல்லாத அலகில ஒரு அம்மாவைப் பின்னால இருத்தலாம், ஆனா அவவின்ர சொந்தப் பிள்ளைக்குப் பின்னால வேண்டாம், மற்றப் பிள்ளைக்கு. சொந்தப் பிள்ளை எண்டால் அவவே கேட்டு அவவே குடுத்துப் போடுவா.

நாள் ஓடுற விதம்

காலை 7.30க்கு மணி அடிக்க முதல் நீங்கள் வகுப்பு வாசலில நிக்கவேணும். செருப்புக் கழட்டி வைக்கிற கோடு, பை கொழுவுற கொழுக்கி, தன்ர படத்தை எடுத்து "வந்தாச்சு" பலகையில போடுறது, இந்த மூண்டும் ஒவ்வொரு நாளும் அதே ஒழுங்கில நடந்தால் அதுக்குள்ளயே மூண்டு பிள்ளையின்ர மூண்டு இலக்கு முடியுது. காலைப் பிரார்த்தனைதான் சிக்கல், மைக் சத்தம், வெயில், நீட்டு நீட்டுப் பேச்சு. ஒட்டிசம் இருக்கிற பிள்ளையை நடு வரிசையில நிப்பாட்டிப் பிறகு கத்துறான் எண்டு சொல்லிப் பிரியோசனம் இல்லை. அதிபரிட்ட முதலே கதைச்சு ஸ்பீக்கருக்குத் தூரத்தில, மர நிழலில, கரையில நிக்க விடுங்கோ, முதல் தேவாரம் மட்டும் நிண்டாலே காணும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம்.

நேரசூசியைச் சுவரில படமாப் போடுங்கோ. லமினேற் மெஷின் இல்லாட்டி பரவாயில்லை, போனில உங்கட வகுப்பையே படம் எடுத்து, ரவுணில பிரிண்ட் எடுத்து, காட்போட் மட்டையில ஒட்டி மேல அகலமான செலோரேப் சுத்தினால் ஒரு வருஷம் நிக்கும். ஒரு கயிறு, உடுப்புக் கிளிப், முடிஞ்சதைக் கழட்டிப் போட ஒரு பெட்டி. இன்ரநெற்றில இருந்து எடுத்த வெள்ளைக்காரப் பிள்ளையின்ர வொஷ்பேசின் படம் வேண்டாம், உங்கட பள்ளியின்ர தண்ணித் தாங்கிதான் வேணும். படமே விளங்காத பிள்ளைக்குப் பொருளைக் குடுங்கோ, கோப்பை எண்டால் சாப்பாடு, பந்து எண்டால் வெளியில.

கை கழுவுறதை எடுத்துப் பாப்பம், ஏனெண்டால் சாப்பாட்டுக்கு முதல் ஒவ்வொரு நாளும் கட்டாயம் வரும். சட்டைக் கையை மடக்கிறது, தண்ணி ஊத்திறது, சவுக்காரம் போடுறது, தேய்க்கிறது, திரும்ப ஊத்திறது, துடைக்கிறது எண்டு துண்டு துண்டாப் பிரியுங்கோ. முதல் துண்டில தொடங்கத் தேவையில்லை, கடைசியில தொடங்குங்கோ: எல்லாத்தையும் நீங்கள் கையைப் பிடிச்சுச் செய்விச்சு, துடைக்கிறதை மட்டும் அவனை விடுங்கோ. அவன் முடிச்ச உடன சாப்பாடு வருது, முடிச்ச ஆள் அவன். அது பழகினாப் பிறகு கடைசிக்கு முன்னால உள்ளதையும் விடுங்கோ, அப்பிடியே பின்னுக்கு வாங்கோ. வீட்டில கிணறும் வாளியும் செம்பும் எண்டால் பள்ளியிலயும் வாளியும் செம்புமா பழக்குங்கோ, பைப்பில பழகின பிள்ளை வீட்டில செம்பைப் பிடிச்சுக்கொண்டு முழிச்சுக்கொண்டு நிக்கும், பள்ளியில எல்லாம் செய்யிறான் வீட்டில மாட்டான் எண்டு வாற கதை கனக்க இதுதான்.

ஒரே அறைக்குள்ள 6 வயசும் 13 வயசும், ஒட்டிசம், டவுண் சின்ட்ரோம், சக்கர நாற்காலி எல்லாம் ஒண்டா இருக்கும், நீங்கள் ஒராள். எல்லாருக்கும் ஒரே பாடம் எடுக்க வெளிக்கிட்டால் ஒருத்தருக்கும் பாடம் இல்லை. அறையை மூண்டாப் பிரியுங்கோ, உங்களோட இருக்கிற மேசை, தனிய வேலை செய்யிற மேசை, பாய் விரிச்ச மூலை. தனி மேசைக்கு டீச் (TEACCH) எண்ட முறை, வட கரோலினாவில எரிக் ஷொப்லர் ஆக்கள் 1970களில வளத்தது, நல்லா ஒத்துவரும்: இடப்பக்கம் செய்யவேண்டிய பெட்டி, வலப்பக்கம் முடிஞ்ச பெட்டி. எவ்வளவு இருக்கு, எப்ப முடியும், முடிய என்ன எண்டது பாத்த உடன தெரியும், நீங்கள் பக்கத்தில நிண்டு சொல்லிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. தெரிஞ்ச வேலையைத்தான் அந்த மேசையில வையுங்கோ, புதுசு எப்பவும் உங்கட மேசையில.

முதல் இது, பிறகு அது எண்டு இரண்டு படம் போட்ட மட்டை ஒண்டு கட்டாயம் வேணும். விருப்பம் இல்லாத வேலைக்குப் பின்னால விருப்பமானதை வைச்சால் முன்னதும் நடக்கும் எண்டதை டேவிட் பிறிமக் 1959இல எழுதி வைச்சார், எங்கட அம்மம்மாமாருக்கு அது எப்பவோ தெரியும். விருப்பமானது எண்டால் ரொபி எண்டு எடுக்காதேங்கோ, ஊஞ்சல், தண்ணி ஊத்திறது, ரயர் உருட்டுறது எல்லாம் இருக்கு.

உதவி செய்யிறதிலதான் எல்லாரும் அவசரப்படுறம். ஒருக்காச் சொல்லுங்கோ, மனசுக்குள்ள 10 மட்டும் எண்ணுங்கோ. அதுக்குள்ள திரும்பச் சொன்னால் பிள்ளை விளங்கிக்கொண்டிருந்ததை விட்டுட்டு முதலில இருந்து தொடங்கும். செய்யாட்டி படத்தைக் காட்டுங்கோ, பிறகு முழங்கையில தொடுங்கோ, கடைசியாத்தான் கையைப் பிடிக்கிறது, அதுவும் பின்னால இருந்து. இதையே பதிவுக்கும் பாவிக்கலாம்: பிள்ளைக்கு ஒரு பக்கம், தானாச் செய்தால் "தா", படத்துக்கு "ப", தொட்டதுக்கு "தொ", கை பிடிச்சால் "கை". எல்லா நாளும் எழுத வெளிக்கிட்டால் ஒரு நாளும் எழுதமாட்டியள், செவ்வாயும் வியாழனும் போதும். மூண்டு கிழமை "கை"யே நிண்டால் பிள்ளையில பிழை தேடாமல் துண்டை இன்னும் சின்னனா வெட்டுங்கோ.

ஒழுங்கு குழம்புற நாளுக்கும் ஆயத்தம் வேணும். இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, கோயில் பொங்கல், ஆரோ பெரியாள் வருகினம் எண்டு திடீர் கூட்டம். "மாற்றம்" எண்டு ஒரு மட்டை செய்து, நல்ல மாற்றத்துக்கு முதல் பாவியுங்கோ, கணக்குக்குப் பதிலா வெளியில விளையாட்டு எண்ட மாதிரி. அப்பதான் கெட்ட மாற்றத்துக்கு அந்த மட்டையைக் கண்டால் பிள்ளை உடன கத்தாது.

நாளில ஒரு பாடமாவது ஒரு பிள்ளையைச் சாதாரண வகுப்புக்கு அனுப்புங்கோ, அழகியல் பாடம் லேசு, இரண்டாம் தரத்தோட பாட்டுப் பாடலாம், தாளம் போடலாம். பக்கத்து வகுப்பு ரீச்சர் பயப்படுவா, முதல் கிழமை நீங்களும் கூடப் போங்கோ. பிள்ளையைப் பள்ளியிலயே சேக்க ஏலாது எண்டு ஆரும் சொன்னால், 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி எண்ட காரணத்துக்காக அனுமதியில பாகுபாடு காட்டக்கூடாது எண்டு சொல்லுது, மரியாதையா ஞாபகப்படுத்துங்கோ.

வீட்டுக்கு ஒரு நேரத்தில ஒரு வேலைதான் குடுக்கவேணும். எழுதி அனுப்பாமல் வட்ஸ்அப்பில குரல் பதிவு அனுப்புங்கோ, பிள்ளை பள்ளியில செய்யிற சின்ன வீடியோ அனுப்பினால் இன்னும் நல்லம், அந்த அம்மாவுக்கு மட்டும், குழுவில போடவேண்டாம்.

தவணை முடிவில இலக்குகளைத் திரும்பப் பாக்கேக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் கைப்பட எழுதிக் கோப்பில வையுங்கோ, ஏனெண்டால் இடமாற்றம் வந்தால் அடுத்த ரீச்சர் படிவத்தை வைச்சு ஒண்டும் செய்யேலாது. ரொய்லெற் வந்தால் எப்பிடிக் காட்டுவான், என்ன சாப்பாடு தொண்டையில சிக்கும், வலிப்பு வாறதெண்டால் வர முதல் எப்பிடி இருப்பான், என்ன மருந்து, ஆரிட்ட குடுத்து அனுப்பலாம், ஆரிட்ட அனுப்பக்கூடாது, எதுக்குச் சிரிப்பான். கடைசியா, அவன் இப்ப நிக்கிற துண்டு எது எண்டு திகதியோட எழுதுங்கோ.