என்ன வேலை என்று தெரியாதபோது அறிவியல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 'ஏ' நிலைத் தேர்வு முடிவுகள் வந்த வாரம் என் அக்காள் மகள் தேக்காவில் தோசைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, "சித்தி, நான் என்னவாகப் போகிறேன் என்றே தெரியவில்லை. எந்தப் பாடத்தை எடுப்பது?" என்று கலங்கினாள். அன்று இருவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்த படிகள் இவை.

முதல் படி: தொழிலின் பெயரை மறந்துவிட்டு, எந்த வேலையில் நேரம் போவது தெரியவில்லை என்று எழுதுங்கள். வேதியியல் என்றால் பிற்பகல் முழுவதும் ஆய்வகத்தில் நிற்க வேண்டும். இயற்பியலில் ஒரே கணக்கோடு இரண்டு மாலைகள் போகும். உயிரியல்தான் பிடிக்கும் என்று சொல்லிவந்த என் அக்காள் மகள் எழுதியதோ, சோதனையில் கிடைத்த எண்களை வரைபடமாக்கிய நாளைப் பற்றி!

இரண்டாம் படி: எந்தக் கதவு மூடும் என்று பாருங்கள். இதில் அவசரம் வேண்டாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் (Pharmacy) பட்டமும் மருந்து அறிவியல் (Pharmaceutical Science) பட்டமும் வேறு வேறு. இரண்டாவதைப் படித்து மருந்தாளராகப் பதிவுபெற முடியாது. பெயர் ஒத்திருப்பதால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், எனக்கு மனம் பதறுகிறது. மாறாக, டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி பட்டதாரிகளைச் சேர்க்கிறது. எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும். டாக்டர் ஆசைக்காகவே உயிரியலில் சேர வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியராகும் எண்ணம் இருந்தாலோ, கற்பிக்க விரும்பும் பாடத்திலேயே பட்டம் பெறுவது நல்லது.

மூன்றாம் படி: முடிவைத் தள்ளிப்போட இடம் தரும் வழியைத் தேடுங்கள். 2021இல் முதல் மாணவர்களைச் சேர்த்த தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல், அறிவியல் கல்லூரியில் (College of Humanities and Sciences) பெரும்பாலான பாடங்களுக்கு, சேரும்போதே முதன்மைப் பாடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடத்தின் பெயரைக் குறித்து விண்ணப்பிப்பதே வழக்கம்.

நான்காம் படி: எதில் சேர்ந்தாலும் முதல் ஆண்டிலேயே புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரல் எழுதுவதும் கற்றுக்கொள்ளுங்கள். பின்னால் பாடம் மாறினாலும் இவை வீணாகா. படிப்புக்கு முன் கட்டாயத் தேசியச் சேவைக்கு (ராணுவம், காவல் போன்றவை) போகும் தம்பிகள் கணிதத்தை அடியோடு மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: கல்வி அமைச்சு வெளியிடும் பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வைப் படியுங்கள். இடைநிலைச் சம்பளத்தோடு நிறுத்திவிடாமல் 25ஆம் சதமானத்தையும் பாருங்கள். நிரந்தர முழுநேர வேலையில் இருக்கும் அந்தப் பட்டதாரிகளில் நால்வரில் ஒருவர் அதற்கும் கீழேதான் வாங்குகிறார். நிரந்தர முழுநேர வேலை கிடைத்தோரின் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பல்கலைக்கழகத்தின் பொது வரவேற்பு நாளுக்குப் போய், அங்கே நிற்கும் மூத்த மாணவரிடம், "போன வாரம் திங்கள் முதல் வெள்ளிவரை என்ன செய்தீர்கள், அக்கா?" என்று கேளுங்கள். அந்த ஐந்து நாள்களையும் உங்கள் முதல் தாளுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.